‘வேற வழி’ யாருக்கு இருக்கிறது?

“டாக்டர் சீட்டு கெடைக்கலன்னா இன்னா, வேற ஆயிரம் படிப்பு இருக்குது. மனச தளர விடாத.” நீட் முடிவு வருகிற ஒவ்வோர் ஆண்டும் வில்லியனூர், பாகூர் கொம்யூன் சேரிகளில் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்கிறார். கல்வி வழிகாட்டி முகாமில் மைக் பிடித்தவர் சொல்கிறார். செய்தித்தாளின் கல்வி இணைப்பு, மருத்துவம் கிடைக்காதவர்களுக்கான மாற்றுப் படிப்புகள் என்று கட்டம் கட்டிப் பட்டியல் போடுகிறது. நல்ல மனதோடு சொல்பவர்கள்தான் பலபேர். அந்த மனதோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வார்த்தையோடுதான் சண்டை.

வேற வழி என்பது மனோதைரியத்தில் முளைப்பது போலப் பேசுகிறார்கள். அது பணத்தில் முளைக்கிறது. நிலத்தில், அப்பன் சம்பளத்தில், மாமன் கையெழுத்தில், வங்கி மேலாளர் நாற்காலி போட்டு உட்கார வைக்கிற மரியாதையில் முளைக்கிறது. முதல் வாய்ப்பில் தோற்றவனுக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டா என்பதைச் சாதி தீர்மானிக்கிற நாட்டில் ‘மாற்றுத் திட்டம்’ என்பது அறிவுரை அல்ல, சொத்து. இதை உரக்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே மதிப்பெண், இரண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். டவுனில் இருக்கிற வசதியான வீட்டுப் பையன் நீட்டில் இடம் பிடிக்கவில்லை. அவன் முன்னால் வரிசையாகக் கதவுகள் திறக்கின்றன. ஒரு வருஷம் விடுதியில் தங்கிக் கோச்சிங் படித்து மறுபடி எழுதலாம். அதிலும் போனால் மூன்றாம் முறை எழுதலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் கட்டி உட்காரலாம். சித்தப்பா வெளிநாட்டில் இருந்தால் என்.ஆர்.ஐ. இடம் கேட்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று விமானம் ஏறலாம். பாகூர்ப் பக்கத்துக் காலனியில் அதே மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு இருந்தது ஒரே கதவு. அது சாத்தியதும் அவளுக்குச் சேதராப்பட்டுக் கம்பெனி வேன்தான் காத்திருக்கிறது, இல்லையென்றால் கல்யாணம்.

மறுபடி எழுதுவது என்பது சாமான்யமா? தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் அறிக்கை கொடுத்தது. நீட் வருவதற்கு முன்பு மருத்துவ இடம் பெற்றவர்களில் மிகச் சிறுபங்கினராக இருந்த மறுமுறை எழுதியவர்கள், 2020-21ல் எழுபது விழுக்காட்டையும் தாண்டிவிட்டார்கள் என்று அது எடுத்துக்காட்டியது. இதன் அர்த்தம் என்ன? இந்தத் தேர்வு அறிவை அளக்கிறதோ இல்லையோ, ஒரு குடும்பம் தன் பிள்ளையை எத்தனை வருஷம் சம்பாதிக்க அனுப்பாமல் உட்கார வைத்துச் சோறு போட முடியும் என்பதை நன்றாக அளக்கிறது. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிற வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு வருஷம் சும்மா இருப்பது என்பது அடுப்பு ஒருவேளை எரியாமல் இருப்பது. இதற்குத் ‘தகுதி’ என்று பெயர் வைத்தவன் பெரிய பித்தலாட்டக்காரன்.

இப்போது நம் மண்ணைப் பார்ப்போம். வில்லியனூர் கொம்யூனில் அரியூரில் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே கொம்யூனில் ஊசுடு ஏரிப் பக்கம் அகரத்தில் ஸ்ரீ லட்சுமி நாராயணா மருத்துவக் கல்லூரி. பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி. இரண்டே கொம்யூன், நான்கு மருத்துவக் கல்லூரி. இந்தியாவில் இத்தனை நெருக்கமாக மருத்துவக் கல்லூரிகளுக்கு நடுவே வாழ்கிற சேரிகள் அதிகம் இருக்காது. பெயரெல்லாம் சாமி பெயர், ஒன்று காந்தி பெயர். அம்பேத்கர் பெயரில் ஒன்றும் இல்லை, இருக்கவும் நியாயமில்லை.

மருத்துவக் கல்லூரி நடத்த அங்கீகாரம் வேண்டுமானால் இத்தனை படுக்கை, இத்தனை புறநோயாளி என்று விதி இருக்கிறது. நோயாளி இல்லாமல் மருத்துவக் கல்வி இல்லை. அந்த நோயாளி யார்? அண்ணாசாலையில் கடை வைத்திருப்பவனா? அவன் சென்னைக்குப் போய்விடுவான். இலவச முகாமுக்கும் இலவச வார்டுக்கும் வருவது கூலிக்காரச் சனம். எங்கள் ஆயாவின் வீங்கிய கால், எங்கள் அண்ணனின் கல்லீரல், எங்கள் தங்கச்சியின் பிரசவ வலி, இவற்றைச் சுற்றி நின்றுதான் ஒவ்வொரு தலைமுறை மாணவர்களும் பாடம் படிக்கிறார்கள். வைத்தியம் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. பாடப்புத்தகமாக இருப்பது நாங்கள், புத்தகம் படிப்பது வேறு யாரோ.

இந்தக் கொம்யூன்களில் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எம் பொண்ணு டாக்டருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது தம்பி. மார்க்கு பத்தலயாம். நர்சுக்குச் சேத்து வுடுன்னு சாரு சொல்றாரு. நர்சுக்கும் பணந்தான் கேக்குறாங்க. நான் தொடைக்கிற வராண்டாவுலதான் அந்தப் புள்ளைங்க வெள்ளக் கோட்டு போட்டுக்கினு போவுதுங்க. நல்ல புள்ளைங்கதான், ஆன்ட்டின்னுதான் கூப்புடுதுங்க. ஆனா நீயே சொல்லு, எம் பொண்ணவிட அதுங்களுக்கு மண்டையா பெருசா கீது?”

இந்தக் கேள்விக்குக் கல்வி இணைப்பின் கட்டத்துக்குள் பதில் இல்லை. சட்டப் புத்தகத்தில் பாதிப் பதில் இருக்கிறது. அதைத் தோழர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

2005 ஆகஸ்டில் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அரசு நிதி பெறாத தனியார் தொழிற்கல்லூரிகளில் மாநில அரசு தன் இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. அதே தீர்ப்பில், வெளிநாடு வாழ் இந்தியருக்கு 15 விழுக்காடு வரை இடம் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. நன்றாகக் கவனியுங்கள். சேரிக்காரனுக்கு இடம் ஒதுக்கு என்றால் அது நிறுவனத்தின் உரிமையில் தலையிடுவது. டாலரில் கட்டுகிறவனுக்கு இடம் ஒதுக்கினால் அது நியாயமான ஏற்பாடு. இந்த 15 விழுக்காட்டை யாராவது ‘கோட்டா டாக்டர்’ என்று கேலி பேசிக் கேட்டிருக்கிறோமா? தகுதி செத்துவிட்டது என்று யாராவது ஊர்வலம் போனதுண்டா? 2024 செப்டம்பரில் பஞ்சாப் அரசு, தூரத்துச் சொந்தக்காரர் பிள்ளைகளுக்கும் என்.ஆர்.ஐ. இடம் என்று விரித்தபோது, இது மோசடி என்று உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. பணக்காரன் வீட்டு மாற்று வழி எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அதுவே சாட்சி.

இனாம்தார் தீர்ப்புக்குப் பதிலாகத்தான் நாடாளுமன்றம் 93ஆவது திருத்தம் கொண்டுவந்து அரசமைப்பில் 15(5) பிரிவைச் சேர்த்தது. சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாக, தனியார் கல்வி நிறுவனங்களிலும் பட்டியல் சாதியார், பழங்குடியார், பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்கச் சட்டம் இயற்றலாம் என்கிறது அந்தப் பிரிவு. 2014ல் பிரமதி வழக்கில் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சட்டம் இயற்றலாம் என்று சொல்லியாகிவிட்டது. இயற்றினார்களா? 2006ல் வந்த மத்தியக் கல்வி நிறுவனங்கள் சட்டம் மத்திய அரசு நிறுவனங்களோடு நின்றுவிட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு டெல்லியிலிருந்துதான் கலந்தாய்வு நடக்கிறது. அங்கே பட்டியல் சாதி ஒதுக்கீடு என்பதே கிடையாது. ஆக, நம் வயலை ஒட்டி எழுந்த கட்டடத்தில் நமக்குச் சட்டப்படி ஒரு நாற்காலிகூட இல்லை. ஆனால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனுக்கும் இருக்கிறது.

பாகூருக்கு இது புதுசும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. பாகூரின் கல்விப் பெருமை என்று மேடைதோறும் இதைச் சொல்லிப் பூரிக்கிறார்கள். அந்த மூன்று ஊர் நிலத்தில் இறங்கி உழுதவன் பிள்ளை அங்கே உட்கார்ந்து படித்தான் என்று யாராவது காட்டட்டும், நானும் பூரிக்கிறேன். நம் உழைப்பில் விளைந்ததை எடுத்து வேதம் படித்தவனுக்குக் கல்லூரி வைத்தார்கள் அன்று. இன்று எம்.பி.பி.எஸ். படிக்கிறவனுக்கு வைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823ல். அதன் வழிவந்ததாகத்தான் ஜிப்மர் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 10 விழுக்காடு என்று புதுச்சேரி அமைச்சரவை 2020ல் முடிவெடுத்தது. ஆளுநர் மாளிகை, டெல்லி உள்துறை என்று கோப்பு அலைந்து 2023ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1823க்கும் 2023க்கும் நடுவில் கச்சிதமாக 200 வருஷம். இருளர்களைப் பழங்குடி என்று இந்த மாநிலத்தில் அறிவிக்கவே 2016 டிசம்பர் வரை ஆயிற்று. ஒரு சன்னல் திறக்க இத்தனை காலம் எடுத்துக்கொள்கிறவர்கள், ‘ஒரு வருஷம் பொறுத்தா என்ன’ என்று நம் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறார்கள்.

சரி, வெளிநாடு? இப்போது காலனிகளுக்குள்ளும் ஏஜென்டு வந்துவிட்டான். ‘பேக்கேஜ்’ என்கிறான். மனையை அடமானம் வைத்தால் போதும் என்கிறான். அவன் சொல்லாததைச் சொல்கிறேன். 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட்டில் தகுதி மதிப்பெண் வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிப்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் ஒரே கல்லூரியில் ஆங்கிலவழியில் இருக்க வேண்டும். அங்கே 12 மாதம் பயிற்சி, திரும்பி வந்து இங்கே 12 மாதம் பயிற்சி. படித்த நாட்டில் டாக்டராகப் பதிவு பெறும் தகுதியும் அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும். அப்புறம் எஃப்.எம்.ஜி.இ. என்னும் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். எழுதுகிறவர்களில் நூற்றுக்கு இருபது பேர் அளவில்தான் பல முறை தேறியிருக்கிறார்கள். மீதி எண்பது பேர் வீட்டு அடமானம் என்ன ஆயிற்று? வசதியுள்ளவன் இரண்டு, மூன்று முறை எழுதுவான். நம்மவன் முதல் தோல்வியிலேயே கிளினிக்கில் உதவியாளாகப் போய் நிற்பான், கையில் பட்டம், தலையில் வட்டி.

2022ல் உக்ரைன் போர் தொடங்கியபோது 22,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். கர்நாடகத்து நவீன் அந்த ஆண்டு மார்ச் 1 அன்று கார்கிவ் நகரில் கொல்லப்பட்டான். நல்ல மதிப்பெண் எடுத்தும் இங்கே இடம் கிடைக்கவில்லை என்று அவன் தகப்பன் ஊர் அறியச் சொன்னார். நாடு தன் பிள்ளைகளுக்குக் காட்டிய மாற்று வழி குண்டு விழுகிற ஊர் வரைக்கும் போயிருந்தது.

அரசு உதவித்தொகையில் போகலாமே என்பார்கள். பட்டியல் சாதியாருக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கிடையாது. அதுவும் நாடு முழுக்க ஆண்டுக்கு 125 பேர். 2022ல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பணம் இல்லை என்றும் விதி எழுதினார்கள். ஆக, சேரிக்காரன் கடல் தாண்டிப் போய் உடம்பையும் படிக்கக்கூடாது, சாதியையும் படிக்கக்கூடாது. கடல் தாண்டுவது நமக்குத் தெரியாததா? 1861ல் பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மர்த்தினிக்குக்கும் கரும்பு வெட்டக் கப்பல் ஏற்றினார்களே, அந்தக் கப்பலில் நம் சனத்துக்கு இடம் தாராளமாக இருந்தது. நீட் கேட்கவில்லை.

அனிதாவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர். அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. பிளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறைப்படி என்றால் மருத்துவ இடம் உறுதி. நீட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனாள். 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனாள். அவளுக்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. பொறியியல் இடம் கிடைத்திருந்தது, கால்நடை மருத்துவமும் கிடைத்திருந்தது. ‘அதான் இன்ஜினியரிங் கெடைச்சுதே, அப்புறம் என்ன?’ என்று அன்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். எது படிக்கலாம் என்று தேர்வு செய்கிற உரிமை சேரிப் பெண்ணுக்கு உண்டு என்று ஒத்துக்கொள்ளாதவர்களின் கேள்வி அது. கொடுத்ததை வாங்கிக்கொள் என்பதுதானே சாதியின் முதல் கட்டளை. ஒன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: நம் பிள்ளைகள் உயிரோடு வேண்டும். எந்தத் தேர்வும் ஓர் உயிருக்கு ஈடல்ல. தோற்றுத் திரும்பும் பிள்ளையைத் தனியே விடாமல் தெருவே கூடி நிற்பது இயக்க வேலையில் முதல் வேலை.

நர்சிங், லேப், மருந்தாளுநர் படிப்புகளை நான் இழிவாகப் பேசவில்லை. மருத்துவத் தொழில் நமக்கு யாரும் கற்றுக்கொடுத்தது அல்ல. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்திய மருத்துவச்சிகள் சேரியில் இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். விரும்பி நர்சாகும் பெண்ணுக்கு என் வணக்கம். என் கோபம் எங்கே என்றால், காலனிப் பிள்ளை என்றதுமே ஆலோசகர் கை தானாகக் கீழ்ப்படியைக் காட்டுகிறதே, அங்கே. மருத்துவமனையும் ஒரு கிராமம்தான். மேலே டாக்டர், அப்புறம் நர்ஸ், அப்புறம் டெக்னீசியன், அடியில் தள்ளுவண்டியும் துடைப்பமும். எந்தப் படியில் எந்தத் தெருக்காரர் என்று ஒருநாள் நின்று எண்ணிப் பாருங்கள். அடிப்படியிலிருந்து அதற்கு மேல் படிக்குப் போவதை முன்னேற்றம் என்கிறார்கள். ஏணியே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறதே என்று நாம் கேட்கிறோம்.

இன்னொன்றும் பேச வேண்டும். நீட்டை எதிர்க்கிற மேடைகளில் ‘கிராமப்புற மாணவர்’ என்கிறார்கள். கிராமத்தில் ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. நஞ்சை வைத்திருப்பவன் பிள்ளையும் அந்த நஞ்சையில் களை எடுப்பவள் பிள்ளையும் ஒரே ‘கிராமப்புறம்’ ஆகிவிட முடியாது. நீட் ஒழிய வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. நீட் ஒழிந்த மறுநாளும் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் நமக்கு நாற்காலி இருக்காது என்பதையும் சேர்த்துப் பேசுகிறவனே நம் தோழன்.

பாபாசாகேப் 1913ல் பரோடா மன்னர் உதவித்தொகையில் கொலம்பியா போனார். லண்டனில் படித்துக்கொண்டிருக்கும்போதே தொகை முடிந்தது. 1917ல் படிப்பை அரைகுறையாக விட்டுத் திரும்பினார். வேலை பார்த்துச் சேர்த்தது, கோலாப்பூர் சாகு மகராஜ் கொடுத்தது, நண்பரிடம் கடன் என்று திரட்டி 1920ல் மறுபடி போய் முடித்தார். இரண்டாம் வாய்ப்புக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வைசிராய் நிர்வாக சபையில் உட்கார்ந்ததும் நம் பிள்ளைகள் படிப்புக்குப் பணம் கேட்டு வாதாடினார். பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944ல் வந்தது. அவர் நமக்குத் தைரியம் மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை, திட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே ‘வேற வழி’ என்று சொல்ல வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை இவை. 15(5) பிரிவின்படி தனியார், நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகளில் பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீட்டுக்குச் சட்டம் எங்கே? தனியார், நிகர்நிலைக் கல்லூரிகளின் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம்தான் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் சொன்னதே, அந்த இடங்களைக் காட்டுங்கள். அரசுப் பள்ளியில் படித்து முதல் முறை தவறவிட்ட பிள்ளை, மறு வருஷம் எழுதத் தங்குமிடமும் பயிற்சியும் வீட்டுக்கு மாதத்தொகையும் ஆதிதிராவிடர் நலத்துறை கொடுக்கட்டும். வெளிநாட்டு உதவித்தொகையை எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் விரிக்கட்டும். எந்த ஊர் நோயாளியை வைத்துப் பாடம் நடக்கிறதோ அந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியில் இலவச இடம் என்று அங்கீகார விதியிலேயே எழுதட்டும்.

படித்த தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. கலந்தாய்வுக்கு முன்பே ஒவ்வொரு காலனியிலும் சான்றிதழ், இருப்பிடம், விண்ணப்பம் மூன்றையும் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். ஏஜென்டு வாசலில் கால் வைக்கும்போது 54 மாதக் கணக்கையும் 150 மதிப்பெண் கணக்கையும் அவனிடம் கேட்கத் தெரிந்த ஒரு பெண் அந்தத் தெருவில் இருக்க வேண்டும். ஜெயிக்கிற பிள்ளைக்குப் பேனர் கட்டுவது நம் ஊரில் யாரும் செய்வார்கள். தோற்ற பிள்ளையின் அடுத்த வருஷத்துக்கு யார் பணம் கட்டுவது என்று பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்து கேட்கிற இயக்கம்தான் இப்போது தேவை. அந்தக் கேள்விக்கு அரசிடம் பதில் வாங்கும் வரை எழுந்திருக்க வேண்டாம்.